நோ மாத்தே

என் கணவர் எலியேசெர் இறந்த நான்காம் வாரம் உருகுவே ஆறு ஏறிக்கொண்டிருந்தது. கரையோரத் தெருக்களைக் காலி செய்ய வேண்டுமா என்று நண்பகலுக்குள் எங்கள் அலுவலகம் சொல்லியாக வேண்டும். வெள்ளக் காலத்தில் மட்டும் ஓட்டுகிற, நாற்பது நிமிடத்தில் முடிகிற கணக்கீடு, காலை ஏழு மணியிலிருந்து ஓடியும் பாதியைத் தாண்டவில்லை.

சர்வரில் சிபியுவைத் தின்பது எது என்று பார்க்க 'டாப்' கட்டளை அடித்தேன். முதல் வரியில் என் கணவரின் பெயர். தொண்ணூற்றெட்டு சதவீதம். அவர் இறந்த அன்று காலை ஒன்பது பத்துக்கு அந்த நிரலை ஓடவிட்டிருக்கிறார். ஒன்பதே காலுக்கு நாற்காலியிலிருந்து சரிந்தார்.

எல்லோருடைய வேலைக்கும் மேலான முன்னுரிமையை அதற்குக் கொடுத்திருந்தார். அந்த மனிதர் வரிசையை முந்தியது வாழ்நாளில் அங்கே மட்டும்தான். கொலம்பியாவின் துன்ஹா ஊர்க்காரர். மனைவிக்கும் நாய்க்கும் 'நீங்க' போடுவார். எங்கள் உருகுவே ஊர் பைசாண்டூவில் மேயருக்கே 'நீ'தான்.

"செத்தப்புறம்தான் இவ்ளோ வேலை பாக்குறான் உன் புருஷன்," என்றார் தலைமைப் பொறியாளர் வில்மார். "கில் பண்ணித் தொலை, நெல்டா."

கை போகவில்லை. அவர் பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"பத்து நிமிஷம் குடுய்யா. என்ன பண்ணுதுன்னு பாத்துடுறேன்."

"அஞ்சு."

கக்கத்தில் பிளாஸ்க்கோடு வில்மார் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே எங்கள் இலைத் தேநீரான மாத்தே குடிக்கக்கூடாது. அடக்கம் முடிந்து வந்த அன்று, சர்வரின் தலையில் எலியேசெர் எழுதி ஒட்டிய சீட்டு ஒன்றை வில்மார் கண்டார்: 'நோ மாத்தே'. கடைசி ஆசை என்று அழுதார். சர்வர் பக்கத்திலிருந்த கெட்டிலை அவரே கொண்டுபோய் நடைக்கூடத்தில் வைத்தார். ஜூலைக் குளிரில் எட்டுப் பேரும் மூன்று வாரமாக அங்கேதான் குடிக்கிறோம்.

நிரல் சிஸ்டத்திடம் என்ன கேட்கிறது என்று எட்டிப் பார்த்தேன். ஒரே கேள்வி. வெப்பமானி இருக்கிறதா? இல்லை. இருக்கிறதா? இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் தடவை.

அந்த வெப்பமானி கெட்டிலுக்குள் இருந்தது, ஒரு கம்பி அதைச் சர்வரோடு இணைத்தது. தண்ணீர் எண்பது டிகிரியைத் தொட்டதும் என் திரைக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு நிரல் தானாக முடியும். கொதித்துவிட்டால் மாத்தே பாழ், அதனால்தான் அந்த முன்னுரிமை. கம்பி இருந்தால் பதிலுக்குச் சமர்த்தாகக் காத்திருக்கும். அன்று அமளியில் யாரோ கெட்டிலை அணைத்தார்கள், பிறகு அதை நகர்த்தும்போது கம்பியையும் பிடுங்கிவிட்டோமே.

அப்போதுதான் சீட்டு புரிந்தது. நிரலை நிறுத்துவதைக் கொல்வது என்போம். எங்கள் ஊர் ஸ்பானிஷில் 'கொல்லாதே' என்பது 'நோ மாத்தெஸ்'. மரியாதை போட்டுச் சொன்னால் கடைசி 'ஸ்' விழுந்து 'நோ மாத்தே' ஆகிவிடும்.

"யோவ், மாத்தே கூடாதுன்னு எழுதலய்யா அவரு. கில் பண்ணாதீங்கன்னு எழுதியிருக்காரு!"

வில்மார் சீட்டையே பார்த்தார். "அப்ப மூணு வாரமா நான் வெறைச்சுக் கெடந்தது?"

"ஒரு 'ஸ்'ஸுக்கு."

"பாவி. மரியாதை குடுத்தே கொன்னுட்டானே!"

கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கம்பியைச் செருகிக் கெட்டிலைப் போட்டேன். பன்னிரண்டு டிகிரி. நிரல் அடங்கியது, ஆற்றுக் கணக்கீடு பாய்ந்தது. வெள்ளத்தை மறந்து எட்டுப் பேரும் கெட்டிலைச் சுற்றி நின்றோம். எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது.

திரையில் ஒரு வரி வந்தது: 'தண்ணி ஆயிடுச்சுங்க நெல்டா, வாங்க.'

'டாப்' பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு விடை வந்தது: காலி செய்யுங்கள். வில்மார் தொலைபேசிக்கு ஓடினார். நான் மாத்தே இலையில் தண்ணீரை ஊற்றினேன். முதல் சுற்று ரொம்பக் கசக்கும், ஊற்றுகிறவர்தான் அதைக் குடிக்க வேண்டும். பதினாறு வருடம் அவர் குடித்தார். அன்று நான் குடித்தேன்.