வாங்கியவர் நேரில் வரவேண்டும்

போல்ட் அசைந்து கொடுப்பது போலத்தான் இருந்தது. அடுத்த நொடி ராட்செட் ஸ்பேனருக்குள் ஏதோ மளுக்கென்றது. கைப்பிடி காற்றில் சுழன்று, என் விரல் முட்டிகள் எஞ்சின் ஓரத்தில் போய் இடித்தன. காருக்கு அடியில் படுத்தபடியே கத்திவிட்டேன். வெளியே வந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் பார்த்தது ராட்செட்டைத்தான். ஒரு பக்கம் திருகினால் பிடிக்க வேண்டும், மறுபக்கம் திருகினால் டிக் டிக்கென்று விட்டுக்கொடுத்துக்கொண்டே வரவேண்டும், அதுதான் அதன் வேலை. இப்போது எந்தப் பக்கம் திருகினாலும் சத்தமே இல்லாமல் சுழன்றது. உள்ளே பல் போயிருந்தது.

"லைஃப்டைம் வாரண்டி உள்ள சாமான்தானே, இதுக்கு ஏன் இப்படி முழிக்கிற? போய் மாத்திட்டு வா" என்றார் பட்டறை முதலாளி. அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது என் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் காத்திருக்க, மனிதர் சிவப்புத் தாளில் சுற்றிய ராட்செட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "வேலைன்னு வந்தா மோதிரத்தைக் கழட்டி வைக்கணும், இதைக் கையில எடுக்கணும். ஆயுசுக்கும் வாரண்டி மாப்பிள்ளை" என்றார். என் அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். யாருக்கும் சில்லறை பாக்கி வைக்க மாட்டார், வைக்கவும் விடமாட்டார். மிக்ஸியோ மின்விசிறியோ, வாரண்டி முடிவதற்குள் கடைக்காரனைக் கண்ணீர் விடவைத்து எதையாவது மாற்றி வாங்கிவிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, "ராட்செட் எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்பார். பேத்தியை விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

போன மாதம் அவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். பின்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். அவருக்கு வந்திருப்பது வயிற்றுப்புண் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்க அவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் எங்களிடம் சொன்னது வேறு. புற்று ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, மாதக் கணக்கா வாரக் கணக்கா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். லிஃப்டில் இறங்குவதற்குள் என் மனைவி முகத்தைக் கழுவித் துடைத்ததுபோல் ஆக்கிக்கொண்டு, "அப்பாவுக்கு வயித்துப்புண்ணு. அவ்வளவுதான். யாராவது வாயைத் திறந்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற" என்றாள். என் மச்சான் பாடம் ஒப்பிப்பதுபோல் "புண்ணுதாம்பா, காரம் ஆகாது, அவ்ளோதான்" என்று அவரிடம் சொன்னான். அவர் சரி என்றார். ஆஸ்பத்திரி பில் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. பட்டறையில் வண்டியின் சத்தத்தைக் கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்கிறவன் நான். அவர் கேட்காமல் விட்டது எனக்குப் பெரிய சத்தமாகக் கேட்டது. அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அவர் அறைக் கதவருகே போய் நிற்பேன். உள்ளே இருமல் கேட்டால்தான் பல் துலக்கவே போவேன்.

ராட்செட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இது வேற பேர்ல இருக்கே சார்?" என்றாள்.

"என் மாமனார் வாங்கிக் கொடுத்தது."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க. வாங்கினவங்க நேர்ல வந்தாத்தான் மாத்தித் தருவோம்."

"லைஃப்டைம்னு போட்டிருக்கேம்மா?"

"வாங்கினவரோட லைஃப்டைம் சார்." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இருக்காரு இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்காரு" என்றேன். பக்கத்தில் துளைபோடும் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை வருஷமாக ஆயுள் என்றால் அந்த இரும்பின் ஆயுள் என்றோ, பிடித்து வேலை செய்கிற என் ஆயுள் என்றோதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த துண்டைக் கட்டிலில் வீசினாள்.

"எங்கப்பா உசுரோட இருக்கும்போதே ஸ்பேனரை மாத்திடணும்னு கணக்குப் போடறீங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல" என்றேன். ஆனால் கடையிலிருந்து வரும் வழியெல்லாம் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். இந்த வாரம் என்றால் அவரால் நடக்க முடியும், அடுத்த வாரம் எப்படியோ என்று. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன், அவரிடம் மூச்சுவிட மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

அடிபட்ட விரல்களில் போட்டிருந்த துணிக்கட்டை மறந்துபோனேன். சாயங்காலம் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் டம்ளரைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்தார்.

"கையில என்ன மாப்பிள்ளை?"

"ராட்செட் வழுக்கிடுச்சு மாமா." வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அவசரத்துக்குப் பொய் வராது.

"அது வழுக்காதே. பல் போயிடுச்சா?"

தலையாட்டினேன். அவர் முகம் பளிச்சென்று ஆனது. ஒரு மாதமாக நான் பார்க்காத முகம். தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டார். "பாத்தீங்களா, பாத்தீங்களா! மோதிரம் மோதிரம்னு உங்க அக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டாங்களே, மோதிரம் உடைஞ்சா எவன் சும்மா மாத்திக் குடுப்பான்? போனீங்களா கடைக்கு?"

"போனேன். வாங்கினவங்க நேர்ல வரணுமாம்."

"அவ்வளவுதானே, வந்துட்டாப் போச்சு. இந்தப் புண்ணு கொஞ்சம் ஆறட்டும், அடுத்த மாசம் ஜாலியா போயிட்டு வருவோம்."

"அடுத்த மாசம் வேணாம் மாமா, நாளைக்கே போயிடலாம்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பட்டறையில வேலை நிறைய... முதலாளி வேற..." என்று எதையோ பூசி மெழுகப் பார்த்தேன். அடுப்படியில் என் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "ஆயுசுக்கும்னு போட்டிருக்கானே மாப்பிள்ளை" என்றார் மெதுவாக. "என்ன அவசரம்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டிக்கெட் எடுக்காதவனை நாங்க எப்படிக் கண்டுபிடிப்போம் தெரியுமா? கண்டக்டர் மூஞ்சியை மட்டும் பாக்க மாட்டான். ஜன்னலைப் பாப்பான், குனிஞ்சு செருப்பைப் பாப்பான், திடீர்னு தூங்குவான். ஒரு மாசமா இந்த வீட்ல யாரும் என் மூஞ்சியைப் பாக்கல. அப்பவே நினைச்சேன். சரி, நம்ம சந்தேக புத்திதான்னு விட்டுட்டேன்."

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். "மாமா" என்றேன்.

அவர் டம்ளரை என் கையில் கொடுத்தார். பயந்துதான் போயிருந்தார். அதை மறைக்கப் போர்வையைக் கால்வரை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்ற தைரியத்துலதான் அவ நடமாடிட்டு இருக்கா. காலையில மாப்பிள்ளையோட சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்னு நானே சொல்லிக்கறேன்."

இப்படியாக மகள் சொன்ன பொய்யையும் அப்பா சொல்லப்போகும் பொய்யையும் நான் ஒருத்தன் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

காலையில் அவர் வெளுத்த சட்டை போட்டு, தலைவாரி, கிளம்பிவிட்டார். சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். கார்க் கதவருகே நின்று மனைவி, "அரைமணி நேரத்துல கூட்டிட்டு வந்துடணும்" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். பின்சீட்டில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தேன். பள்ளம் மேடு பார்த்து ஓட்டினேன். அவருக்கு வலிக்கிறதா என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

கடைப்படியை என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அந்தப் பெண் எழுந்து நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நான்தாம்மா வாங்கினது. நல்லாப் பாத்துக்க, ஆள் இருக்கேன்."

அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உள்ளே போய்ப் புதிய ராட்செட்டைக் கொண்டுவந்தாள். அவர் அதைக் காதருகே வைத்துச் சுழற்றிப் பார்த்தார். டிக் டிக் டிக். திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு கவுண்டரில் லேசாகச் சாய்ந்துகொண்டு, "இதை இவர் பேருக்கு மாத்திக் குடுத்துடேன். என் மாப்பிள்ளைதான்" என்றார்.

"அப்படிப் பண்ண முடியாதுங்க ஐயா. முதல்ல வாங்கினவங்க பேர்லதான் இருக்கும்."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

"முடியாதுங்க."

ஊரில் ஒரு கடைக்காரனையும் சும்மா விடாதவர் அதோடு விட்டுவிட்டார். வெளியே வந்து கார்க் கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். "இனிமே உடைச்சிடாதீங்க மாப்பிள்ளை" என்றார். நான் அழுதுவிட்டேன். பட்டப்பகலில், நடுத்தெருவில், முதல்நாள் கட்டிய கட்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "அட, என்ன இது" என்று அவர்தான் என் முதுகைத் தட்டினார்.

திரும்பும்போது பின்சீட்டில் அவர் ராட்செட்டைச் சுழற்றிக்கொண்டே வந்தார். டிக் டிக் டிக். போன் அடித்தது. மனைவி. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"புண்ணு வலியே இல்லம்மா" என்று பின்னாலிருந்து அவரே சத்தமாகச் சொன்னார். "வெளிக்காத்து பட்டதும் சரியாயிடுச்சு."

"காரமா எதையும் வாங்கிக் குடுத்துடாதீங்க" என்று சொல்லி அவள் போனை வைத்தாள். மறுபடி டிக் டிக். மார்க்கெட்டைத் தாண்டினோம், பஸ் நிலையத்தைத் தாண்டினோம். அந்தச் சத்தத்தை வைத்தே நான் வண்டி ஓட்டினேன். பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தது. நின்றேன். பின்னால் ராட்செட்டும் நின்றது.

களைத்திருப்பார், கை வலித்திருக்கும், வேடிக்கை பார்ப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணாடியில் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை. எஞ்சினை அணைத்தேன், சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று. பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அத்தனை ஹாரனுக்கும் நடுவில் ஒரு டிக் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.