நாற்பத்தொன்றாம் எண்

ஆள் யாரென்று தெரியாமலே துறையில் அவருக்கு 'ரெண்டாம் நம்பர்' என்று பெயர். மருத்துவ ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை இரண்டு டாக்டர்களிடம் மதிப்பிடக் கொடுப்பார்கள். முதல் ஆள் நல்லவராக இருப்பார். இரண்டாவது ஆள் இவராக இருப்பார். எழுதியவர் யாரென்று இவருக்குச் சொல்ல மாட்டார்கள், இவர் யாரென்று அவர்களுக்கும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் அடி வாங்காமல் நடமாடினார்.

"நான் எழுதின லெட்டரையே திருத்தித் திருப்பி அனுப்பினவன்தானேடா நீ" என்பாள் அக்கா. போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

இந்த முறை வந்தது சிறுநீரக நோய்க்கான புது மாத்திரை பற்றிய கட்டுரை. மாத்திரை சாப்பிட்ட நூறு பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. ஏழு பேர் மட்டும் 'தொடர்பில் இல்லை'. ரெண்டாம் நம்பருக்கு மூக்கு வேர்த்தது. "ஏழு பேரும் காற்றில் கரைந்துவிட்டார்களா? கட்டுரை ஆசிரியர்கள் உண்மையிலேயே தேடினார்களா? விவரம் போதவில்லை" என்று எழுதி அனுப்பினார். அன்றைக்குக் காபி கூடுதலாக ருசித்தது.

மூன்று வாரத்தில் அந்த ஏழு பேரின் பட்டியல் வந்தது.

'எண் 41. பெண், வயது 58. பதினோராவது வாரத்திலிருந்து வரவில்லை. அவர் ஃபோன் அணைக்கப்பட்டிருந்தது. கொடுத்திருந்த இன்னொரு ஃபோன் எண்: தம்பி, மருத்துவர். நான்கு முறை அழைத்தோம். நான்கு முறையும் துண்டித்தார்.' பக்கத்தில் நான்கு தேதிகள்.

முதல் தேதி, அக்கா போன ஒன்பதாம் நாள்.

ஏதோ மாத்திரை ஆராய்ச்சியில் சேர்ந்திருப்பதாக அவள் சொன்னது உண்மைதான். "உன் நம்பரைக் குடுத்திருக்கேன். டாக்டர் தம்பி, கண்டிப்பா எடுப்பான்னு பெருமையா சொல்லிட்டு வந்திருக்கேன். மானத்தை வாங்கிடாதே." என்ன மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்கவில்லை. மேசையில் மூன்று கட்டுரைகள் காத்திருந்தன.

"அக்கா போன சமயம் ஒரு நம்பர் திரும்பத் திரும்ப வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இன்சூரன்ஸ்காரன்னு சொல்லி நீங்கதானே கட் பண்ணீங்க. நாலாவது தடவை பிளாக்கே பண்ணிட்டீங்க. இப்ப எதுக்கு அது?"

"சும்மா."

பிளாக் பட்டியலில் அந்த எண் இன்னும் பத்திரமாக இருந்தது.

மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்தார். இருபது வருஷமாகப் படிக்காமலே 'இல்லை' என்று தட்டிய கேள்வி முதலில் நின்றது: இந்த ஆய்வோடு உங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு உண்டா? 'உண்டு' என்று குறித்தார். கீழே ஒரு கட்டம் திறந்தது. 'அக்கா' என்று தட்டினார்.

'விவரம் போதவில்லை' என்றது திரை, சிவப்பு எழுத்தில்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றினார். பிறகு தட்டினார்.

'எண் 41 பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். இறந்தவர் வரிசையில் சேர்க்கவும். ஆசிரியர்கள் ஒழுங்காகத்தான் தேடினார்கள். ஃபோனை எடுக்காதவன் நான். இந்தக் கட்டுரையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.'

இந்த முறை படிவம் ஏற்றுக்கொண்டது.