எல்லப்பன் போனில் கடைசிப் படகு

“அண்ணாத்த, இன்னொரு போட்டோ எடுத்தீங்க, அவ்ளோதான், என் படகு காலி!”

ஜெபக்குமாருக்கு மூச்சு வாங்கியது. திரும்பப் போன் அடித்தும் எல்லப்பன் எடுக்காததால், கருங்குழியில் தான் வேலை பார்க்கும் செல்போன் கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி, கடப்பாக்கத்தில் இறங்கி, கோயில் பந்தல் வரைக்கும் ஓடியே வந்திருந்தான். எல்லப்பன் போனை இறக்காமலே திரும்பினார்.

“இன்னாடா இது? காலைல போன்ல சும்மா கேட்டேன், பாட்டு ஏத்திக் குடுத்தியே, கார்டுல இருந்த அந்தப் படகு கேம் எங்கடான்னு. அதுக்கா இம்மாந் தூரம் ஓடியாந்த?”

அதற்கேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், பாலிடெக்னிக் கடைசி வருஷத்தில், அவன் ஒண்டியாக உட்கார்ந்து எழுதிய கேம் அது. ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவரைச் சுற்றி ஒரு படகு வரும். மணல்திட்டில் தட்டாமல் கரைசேர்க்க வேண்டும். ப்ளூடூத்தில் போன் போனாகப் போனது. அப்புறம் அவன் ஹார்ட் டிஸ்க் செத்தது, ஆளாளுக்குப் போன் மாற்றினார்கள், படகு எங்கேயும் இல்லை. இருந்த ஒரே இடம் எல்லப்பனின் மெமரி கார்டு. போன புதன்கிழமை அந்தக் கார்டை வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், கடை வழக்கப்படி முதலில் ஃபார்மேட் அடித்துவிட்டுப் பாட்டு ஏற்றியது வேறு யாருமில்லை, அவனேதான்.

“அழிச்சது உடனே போவாது அண்ணாத்த. மேல வேற எதுனா ஏறுற வரைக்கும் அடியில கெடக்கும். சாஃப்ட்வேர் போட்டு எடுத்துடுவேன். ஆனா நீங்க போட்டோ எடுக்க எடுக்க…”

“பதினோரு போட்டோ எடுத்துட்டனே!”

பந்தலே சிரித்தது. “இந்தப் பையனுக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வைங்க, சரியாப்பூடும்” என்றாள் எல்லப்பனின் தங்கை காமு, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே. காது குத்து அவள் மகளுக்கு. ஆசாரி குழந்தையின் காதில் புள்ளி வைத்து முடித்திருந்தார். மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். எல்லப்பன் மணையில் அமர்ந்து, போனை ஜெபக்குமாரிடமே நீட்டினார்.

“நீயே வீடியோ எடு. இங்க கேமரா போன் இது ஒண்ணுதான். மாப்ள மஸ்கட்ல கீறாரு, புள்ள மொகத்தையே இன்னும் பாக்கல. வுட்டுடாத, இன்னா?”

“என் கார்டப் போட்டு எடுக்கறன் அண்ணாத்த.”

“எதுலனா எடு.”

சட்டென்று கார்டை மாற்றினான். சிவப்புப் பொத்தானை அமுக்கினான். ‘இடமில்லை. சிலவற்றை அழிக்கவும்.’

அவன் கார்டு அறுபத்துநாலு எம்பி. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு கேம்கள், செங்கல்பட்டிலும் கேளம்பாக்கத்திலும் செத்துப்போன போன்களைக் கெஞ்சி வாங்கி உயிர் கொடுத்து எடுத்தவை. அவனுக்குப் பாடம் நடத்திய ஏசுபாதம் வாத்தியாரின் போனில் இருந்த, பந்து சதுரமாக வரும் கிரிக்கெட். யார் செய்தது என்றே தெரியாத, தவளை ரோடு தாண்டுகிற ஒன்று. வேறு நகல் கிடையாது. சிடி வாங்கி ஏற்ற வேண்டும் என்று நாளை நாளை என்றே தள்ளிவிட்டான். ஒரு நிமிஷ வீடியோவுக்குப் பத்து கேமாவது போக வேண்டும். எந்தப் பத்து? ஒவ்வொன்றும் எவனோ ஒருத்தன் ராவும் பகலும் உட்கார்ந்து எழுதிய படகுதானே. இல்லாவிட்டால் பழைய கார்டையே திரும்பப் போட வேண்டும். வீடியோ அவன் படகின் மேல் ஏறலாம், ஏறாமலும் போகலாம்.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் ஆசாரி.

“இன்னாடா முழிக்கிற? எடு!”

அவசரத்தில் கார்டை மறுபடி உருவினான். வியர்த்த உள்ளங்கையில் நகத்தளவு கார்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. குழந்தை அழாமல் அவனையே பார்த்தது, காதுமடலில் அந்தச் சின்னப் புள்ளியோடு. ஆசாரியின் கை இறங்கிக்கொண்டிருக்கிறது. நீங்களா இருந்தா எந்தக் கார்டைப் போட்டிருப்பீங்க, சீக்கிரம் சொல்லுங்க!