விற்காத கிட்டாரின் விலை

பழைய கிட்டார் ஒன்றுக்கு விலை சொல்லுமுன் கடைக்காரம்மாள் மூன்று காரியங்களைச் செய்வது வழக்கம். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அது நேராக ஓடுகிறதா, வில்லாக வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார். உடற்பகுதியை விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். அதன்பின், கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். முதலிரண்டும் கிட்டாரின் நிலையைச் சொல்லும். மூன்றாவது, விலையை எவ்வளவு பக்குவமாகச் சொல்லவேண்டும் என்பதைச் சொல்லும்.

அந்த வியாழக்கிழமை மாலை, முதலிரண்டையும் முடித்துவிட்டு, மூன்றாவதற்கு அஞ்சிக் கிட்டாரின் துளைக்குள்ளேயே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அவருடைய நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவருக்கு ஒரே தங்கை. அச்சகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலையில் இருப்பவர். காலையிலிருந்து மாலைவரை பிறருடைய எழுத்தில் தப்புக் கண்டுபிடிப்பவர் என்பதால், ஒன்று அச்சேறி வெளிவந்துவிட்டால் அதில் தப்பிருக்காது என்ற நம்பிக்கை அவருக்கு ஊறிப்போயிருந்தது. மற்றொரு குணமும் உண்டு. அண்ணன் வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கினால், திருப்பித் தரும்போது அது கூம்பாகக் குவிந்திருக்கும். பிறந்த வீட்டில் கைநீட்டினாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் அத்தனை கெட்டி.

வந்த காரியத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தார். மாலைநேரங்களில் மண்டபங்களில் வாசிக்கும் பெண்கள் இசைக்குழு ஒன்றில், தடித்த கம்பிகளில் அடிநாதம் எழுப்பும் பேஸ் கிட்டாரை வாசித்த பெண்மணி வேற்றூருக்குப் போகிறார். அந்தப் பெண்மணியின் கருவியிலேயே இரண்டு வருடமாக ஒத்திகை இடைவேளைகளில் பழகிவந்த நாத்தனாரைக் குழுத் தலைவி கூப்பிட்டு, சனிக்கிழமை சொந்தக் கருவியோடு வந்தால் அந்த இடம் உனக்கு, வராவிட்டால் வேறொருத்தி காத்திருக்கிறாள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கடையின் சன்னலோரம் கடுகு நிறத்தில் ஒரு பேஸ் கிட்டார் தொங்குகிறது. அதற்கு ஈடாகத் தருவதற்கே நாத்தனார் தம் பழைய கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

அது ‘நீலப்பறவை’ என்னும் வகை. சின்னப் பட்டறை ஒன்று சில வருடங்கள் மட்டும் செய்து, பின்பு மூடிப்போனதால், இன்று காணக் கிடைப்பவை சொற்பம். துளைக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு நீலப் பறவை வரைந்திருக்கும். அதே வகையில் இன்னொன்று கடைக்காரம்மாளின் தலைக்கு மேலேயே, கல்லாப்பெட்டிக்குப் பின்சுவரில், ஒரு விலைச்சீட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது.

“நூத்திப் பன்னெண்டாம் பக்கம், அண்ணி,” என்று நாத்தனார் கைப்பையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். “நான் சொல்லல. அச்சுல இருக்கு.”

பழைய கிட்டார்களுக்கான விலைக் கையேடு அது. கடைக்காரம்மாளுக்கு அதை விரித்துக் காட்டவேண்டிய தேவையே இல்லை. அதன் பிரதி ஒன்று அவருடைய மேசைக்கடியிலும் இருந்தது. பென்சிலால் கட்டமிட்டிருந்த வரியை அவர் படித்தார். அந்த விலைக்குச் சன்னலோரத்துப் பேஸ் கிட்டார் நான்கு வாங்கலாம்.

“பேஸை இப்ப எடுத்துக்கறேன். மீதியை நீங்க மெதுவாக் குடுங்க,” என்றார் நாத்தனார் பெருந்தன்மையாக. “தவணையாக் குடுத்தாலும் சரிதான். நமக்குள்ள என்ன.”

கடைக்காரம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். கையேடு பயனற்றது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் செய்து விற்ற கிட்டார்களுக்கு அது சொல்லும் விலை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நூறு கடைகளில் விற்றதைக் கேட்டுத் தொகுத்தது அல்லவா! ஆனால், கிடைப்பதற்கே அரிதான ஒன்றுக்கு எங்கே நூறு கடையைத் தேடுவது? இதையெல்லாம் அவர் விளக்கிச் சொன்னார். கம்பி முறுக்கும் குமிழ்களில் இரண்டு மாற்றிப் போட்டவை என்றும், பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறது என்றும், புத்தகத்து விலை நல்ல நிலையில் உள்ளதற்குத்தான் என்றும் சொல்லிப் பார்த்தார்.

நாத்தனார் முன்பக்கங்களைப் புரட்டினார். எந்தக் குறைக்கு எவ்வளவு கழிக்கவேண்டும் என்ற பட்டியலிலும் பென்சில் கோடுகள் இருந்தன.

“கழிச்சாச்சு அண்ணி. கழிச்சதுக்கப்புறம்தான் பேஸ் மூணு வருது. கழிக்கலேன்னா நாலு.”

பிழை திருத்துபவரிடம் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாதாடுவது வீண் என்று கடைக்காரம்மாளுக்கு உறைத்தது. கைவசம் ஒரே ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது. கையேட்டின் பின்னட்டையில் தொலைபேசி எண் இருந்தது. விலையை யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்று தொகுத்தவரையே கேட்டுவிட்டால், தாம் வாய்திறந்து நாத்தனாரின் மனத்தைப் புண்படுத்த வேண்டியிராது. நாத்தனாரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை இயக்கிவிட்டு, கைப்பேசியை மேசை நடுவே வைத்தார்.

மூக்கடைத்த குரலில் ஒருவர் பேசினார். நீலப்பறவை என்றதும் அவர் உற்சாகமாகிவிட்டார். அது அரிய வகை என்றும், பத்து வருடமாக அதற்கு விலை போட்டுவருவதாகவும் பெருமையாகச் சொன்னார்.

“யாரு குடுத்த விலைங்க அது?” என்று கேட்டார் கடைக்காரம்மாள், நாத்தனாரைப் பார்த்துக்கொண்டே.

தாள் புரளும் ஓசை கேட்டது. “இதுக்கு ஒரே கடைதாங்க ஆதாரம். மாடிப்படிக்குக் கீழ, பச்சைக் கதவுன்னு குறிச்சு வெச்சிருக்கேன். வருஷா வருஷம் மத்தியானமாக் கூப்பிடுவேன், ஒரு ஐயா பேசுவாரு. தங்கமான மனுஷன். என் சளி எப்படியிருக்குன்னு விசாரிச்சுட்டுத்தான் விலையே சொல்லுவாரு.”

நாத்தனார் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். பச்சை. அதற்கப்பால் தெரிந்த மாடிப்படியையும் பார்த்தார். உள்ளறையில் கணவர் கம்பிக் கட்டுகளை அடுக்கும் ஓசை சட்டென்று நின்றது.

“கொஞ்சம் வெளிய வாங்க,” என்றார் கடைக்காரம்மாள்.

கணவர் வந்து நின்றார். நல்லவர், அவருடைய நல்ல குணமே கடைக்கு ஆபத்து. எவரேனும் இரண்டு இனிய வார்த்தை பேசிவிட்டால், எதையும் பாதி விலைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் நாற்காலி சுகமாக இருக்கிறது என்று சொல்லப்போக, அந்த நாற்காலியும் விலைபோயிற்று. தம் உயிரான நீலப்பறவையை அவரிடமிருந்து காப்பாற்றத்தான், கடைக்காரம்மாள் எவரும் கனவிலும் கொடுக்கமாட்டாத ஒரு தொகையைச் சீட்டில் எழுதி அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மனைவி மதியம் மாடிக்குச் சாப்பிடப் போகும் வேளையில் கையேட்டுக்காரர் கூப்பிட, கணவர் அண்ணாந்து பார்த்து அந்தச் சீட்டைப் படித்திருக்கிறார்.

“கேட்டாரு, சொன்னேன்,” என்றார் கணவர். “இருக்கறதைத்தானே படிச்சேன்.”

“சீட்டுல பத்து வருஷமா ஒரே விலைதான். புத்தகத்துல வருஷா வருஷம் ஏறியிருக்கே?” என்று கேட்டார் கடைக்காரம்மாள்.

“விலைவாசி ஏறுதேன்னு... நானாக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.”

நாத்தனாருக்கு விளங்குவதற்கு அதிக நேரமாகவில்லை. அச்சில் வந்திருந்தது எவரும் வாங்கிய விலையன்று. அண்ணி தம் கிட்டாரை விற்காமலிருப்பதற்காக வைத்த விலை. அதைப் படித்துச் சொன்னவர் அண்ணன், அச்சிட்டவர் சளி பிடித்தவர், நம்பியவர் தாம். அவர் புத்தகத்தை மூடினார். பென்சிலைக் கைப்பைக்குள் போட்டார். சற்றுமுன் மூன்று பேஸ் கிட்டார் பெறுமானமாக இருந்தது இப்போது வெறும் கிட்டாராகி மேசைமேல் கிடந்தது.

“பரவால்ல அண்ணி. சனிக்கிழமைக்கு வேற ஏதாவது பாத்துக்கறேன்,” என்று கிட்டாரை உறைக்குள் இட்டு ஜிப்பை இழுத்தார். வேறெதுவும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

“எதுக்கும்மா இதெல்லாம், பேஸைச் சும்மா எடுத்துட்டுப் போயேன். நம்ம கடைதானே,” என்றார் கணவர்.

அந்த நேரத்தில் சொல்லக்கூடாத வார்த்தை உலகில் ஒன்று உண்டென்றால் அது ‘சும்மா’ என்பதுதான். நாத்தனாரின் முகம் இறுகியது. ஜிப் வளைவில் சிக்கிக்கொள்ள, அவர் அதனோடு மல்லுக்கு நின்றார்.

கடைக்காரம்மாள் சன்னலோரம் திரும்பிப் பார்த்தார். கடுகு நிறத்துப் பேஸ் கிட்டார் எட்டு மாதமாக அங்கேதான் தொங்குகிறது. அதன் விலையையும் இதே கையேட்டைப் பார்த்துத்தான் அவர் எழுதி ஒட்டியிருந்தார். ஒரு பக்கத்தை நம்பாதே என்று நாத்தனாருக்குப் பாடம் நடத்திவிட்டு, மறுபக்கத்தை வேதவாக்காகத் தாமே பிடித்துக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் தட்டுப்பட்டது.

“அந்தப் பேஸை எத்தனை பேர் கேட்டாங்க இதுவரைக்கும்?” என்று கணவரைக் கேட்டார்.

கணவர் யோசித்தார். “ஒருத்தர் கேட்டாரு. அது மாட்டியிருக்கற கொக்கி எங்க வாங்கினதுன்னு.”

“கேட்டியா? புத்தகத்துல இருக்கறது அதுக்கும் விலை இல்ல, உன்னோடதுக்கும் விலை இல்ல,” என்று கடைக்காரம்மாள் நாத்தனாரின் கையிலிருந்த ஜிப்பைப் பிடித்து நிறுத்தினார். “ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கலாம்.”

“தானமா?”

“தானம் பண்ண நான் என்ன உங்க அண்ணனா? நீலப்பறவை இருக்கான்னு போன மாசம்கூட ரெண்டு பேரு வந்தாங்க. மேல தொங்கற சீட்டைப் பாத்துட்டு வாசலைத் தாண்டித் திரும்பிக்கூடப் பாக்காம ஓடினாங்க. மேல இருக்கறது என்னோடது, விக்கமாட்டேன். உன்னோடது வந்தா, நியாயமா ஒரு விலை எழுதி மாட்டுவேன், போயிடும். கடுகு நிறம் இன்னும் எட்டு வருஷம் ஆனாலும் போகாது. இதுல எனக்குத்தான் லாபம். வேணாம்னா சொல்லு.”

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பிழை திருத்தும் கண்ணோடு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். ஓரிடத்திலும் கருணை தென்படவில்லை. வியாபாரம் மட்டுமே இருந்தது. எழுந்து போய்ப் பேஸ் கிட்டாரை இறக்கினார். தடித்த கம்பியை ஒருமுறை சுண்டினார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“தோள்ல மாட்ட வார் இல்லையே, அண்ணி.”

“தரேன்.”

“கம்பியெல்லாம் துரு. புதுசு போட்டுக் குடுங்க.”

“போட்டுத் தரேன்.”

“உறை?”

“உறை கிடையாது. போர்வையில சுத்திட்டுப் போ.”

நாத்தனார் பேரம் பேசத் தொடங்கிவிட்டார் என்றால் கோபம் தீர்ந்துவிட்டது என்று பொருள். கோபத்திலிருக்கும்போது கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டு ஆறுமாதம் பேசமாட்டார். கடைக்காரம்மாளுக்கு நெஞ்சு லேசாயிற்று. உறையையும் கொடுத்திருப்பார், ஆனால், அதற்கும் இணங்கினால் தானம் என்ற சந்தேகம் வந்துவிடும்.

அந்நேரம் மேசை தும்மியது.

“மன்னிச்சுக்குங்க,” என்றது கைப்பேசி. “போனை வெக்கறதா வேணாமான்னு தெரியல, அப்படியே இருந்துட்டேன். இதை விற்பனைன்னு குறிச்சுக்கலாங்களா? நீலப்பறவைக்கு இதுதான் முதல் விற்பனை.”

ஒலிபெருக்கியை அணைக்க மறந்ததைக் கடைக்காரம்மாள் அப்போதுதான் உணர்ந்தார். குறித்துக்கொள்ளலாம் என்றார். ஒரு பேஸ் கிட்டார், ஒரு வார், ஒரு கட்டுக் கம்பி என்று அந்த மனிதர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்.

“பொருளோட நிலை?”

“நல்ல நிலை,” என்றார் நாத்தனார்.

“சுமார்,” என்றார் கடைக்காரம்மாள்.

“நடுவுல போட்டுக்கறேன்,” என்றது குரல். “அங்க ஐயா இருக்காரா? சளி குறைஞ்சிடுச்சுன்னு சொல்லிடுங்க.”

சனிக்கிழமை நாத்தனார் போர்வையில் சுற்றிய பேஸ் கிட்டாரோடு போனார். ஞாயிறன்று திரும்பி வந்து, தலைவிக்கு நிறம் மட்டும் பிடிக்கவில்லை என்றும், மேடையில் தம்மைக் கடைசியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார் என்றும், பேஸ் வாசிப்பவர்கள் எப்படியும் அங்கேதான் நிற்பார்கள் என்றும், இடம் தமக்கே என்றும் இதே வரிசையில் சொன்னார். குவிந்த கிண்ணம் ஒன்றையும் மேசைமேல் வைத்தார். உள்ளே சர்க்கரை. எப்போது வாங்கியதென்று கடைக்காரம்மாளுக்கு நினைவில்லை, கேட்கவுமில்லை.

நாத்தனாரின் நீலப்பறவை, பேஸ் கிட்டாரில் முன்பு ஒட்டியிருந்த விலைக்கு நெருக்கமாக நல்லபடியாகவே விலைபோயிற்று. அது போனபின், தம்முடையதன் கழுத்திலிருந்து கடைக்காரம்மாள் அந்தச் சீட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு, தொடக்கத்திலேயே எழுதியிருக்கவேண்டியதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டினார்: ‘விற்பனைக்கு இல்லை.’

மறுநாள் அவர் சாப்பிட்டுவிட்டு மாடிப்படி இறங்கும்போது, கடைக்குள் ஒரு வாடிக்கையாளர் கணவரின் சட்டை நிறத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார். பிறகு அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டார். கணவரும் அண்ணாந்து பார்த்தார்.

“விற்பனைக்கு இல்லைன்னுதான் எழுதியிருக்கு,” என்று கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னது படிக்கட்டில் தெளிவாகக் கேட்டது. “ஆனா, நீங்க இவ்வளவு தூரம் கேக்கறீங்க...”

கடைக்காரம்மாள் கடைசி நான்கு படிகளை ஒரே எட்டில் தாண்டினார்.