ஸ்கோப்பைக் கழட்டினா செத்துப்போகுது

"உங்க வயர்லதான் அண்ணி கோளாறு."

"என் வயர்லயா? முதல்ல போய் உன் ப்ரோக்ராமைப் பாருடி!"

காலையிலேர்ந்து இதே பாட்டுதான். வயரைக் குறை சொல்றவ என் நாத்தனார், என் வீட்டுக்காரரோட தங்கச்சி. போர்டு, வயர், சால்டரிங் எல்லாம் நான். ப்ரோக்ராம் அவ. மாடியில ஒரு ரூமை வாடகைக்குப் புடிச்சு ரெண்டு பேருமா கம்பெனி ஆரம்பிச்சோம். இருந்த நல்ல வேலையை என்னை நம்பி விட்டுட்டு வந்தா பாவம். இப்ப அந்தப் பழைய ஆபீஸ்லயே திரும்பக் கூப்பிடறாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். "இன்னிக்கும் ஓடலைன்னா நான் போயிடுவேன் அண்ணி"ன்னு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னா. கம்பெனி கெடக்கட்டும். இவளை விட்டா என்கூட சரிக்குச் சரி சண்டை போட வேற யாரு இருக்கா?

வேலை இதுதான். கோல்ட் ஸ்டோரேஜ் முதலாளி ஒருத்தர், சிரிக்கவே மாட்டார். ஐஸ்கட்டின்னு பேரு வெச்சிருந்தோம். அவரோட குளிர் ரூம்ல சூடு ஏறினா உடனே அவர் போனுக்கு மெசேஜ் போகணும். ஒரு போன் கம்பெனியோட சிக்னல் காலை வாரினா இன்னொண்ணு கை கொடுக்கணும். அதனால ரெண்டு சிம், அதைப் போட்டு மெசேஜ் அனுப்ப ரெண்டு மோடம். ரெண்டையும் எங்க ப்ரோக்ராம் ஓடுற டெவலப்மெண்ட் போர்டுல மாட்டி, மத்தியானம் அவர் வரும்போது ஓட்டிக் காட்டணும்.

மோடம் மெசேஜ் அனுப்புற நேரத்துல கரண்ட்டை மடக்குமடக்குன்னு குடிக்கும். போர்டு தாங்காது. அதனால மோடம் ரெண்டுக்கும் சேர்த்துத் தனியா ஒரு அடாப்டர் கொடுத்திருந்தேன். அடடா, என்ன ஒரு முன்யோசனைன்னு எனக்கே என் மேல பெருமை வேற.

ஆன் பண்ணினோம். போர்டு 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. மோடம் ரெண்டும் கம்முனு கெடக்கு.

சரி, வயர்ல என்னதான் ஓடுதுன்னு பார்ப்போம்னு ஸ்கோப்பை இழுத்துட்டு வந்தேன். சிக்னலைத் திரையில கோடு கோடா காட்டுற மெஷின் அது. அதோட ஒரு ஊசியைப் போர்டுலயும் இன்னொண்ணை மோடத்துலயும் மாட்டினேன். மாட்டின அடுத்த நொடி பதில் வந்து கொட்டுது! நாத்தனார் நாற்காலியைத் தள்ளிட்டுக் குதிச்சா. ஸ்கோப்பைக் கழட்டினேன். செத்துப்போச்சு. மறுபடி மாட்டினேன், உயிர் வந்துச்சு. கழட்டினேன், போச்சு.

"உங்களை மாதிரியே இருக்கு அண்ணி. யாராவது பார்த்தாத்தான் வேலை செய்யும்."

அடிக்கக் கையை ஓங்கினேன். அந்த நேரம் பார்த்து ஐஸ்கட்டி உள்ள வந்தார்.

ஸ்கோப்போடவே காட்டி ஒப்பேத்திடலாமான்னு ஒரு சபலம். மறைப்பானேன், இருந்துச்சு. ஆனா மனுஷன் வந்ததும் வராததுமா, "இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கும்மா?"ன்னு கேட்டுட்டார்.

நாத்தனார் வாய் சும்மா இருக்குமா? "அது இல்லாம ஓடாதுங்க சார்."

படுபாவின்னு திட்ட வாயைத் திறந்தேன். திட்டு வரல. சும்மா வேடிக்கை பார்க்கற மெஷின், அது இல்லாம ஏன் ஓடாது? அப்ப அது வேடிக்கையோட நிக்கலையே! ஒவ்வொரு ஊசியோடயும் ஒரு கறுப்பு கிளிப் இருக்கு. ஒண்ணைப் போர்டோட கிரவுண்டுல, அதாவது வோல்டேஜை எண்ண ஆரம்பிக்கற பூஜ்யத்துல, மாட்டியிருக்கேன், இன்னொண்ணை மோடத்தோட கிரவுண்டுல. மெஷினுக்குள்ள ரெண்டு கிளிப்பும் ஒண்ணாச் சேர்ந்திருக்கு. நான் தனி அடாப்டர் கொடுத்தேனே, ரெண்டு கிரவுண்டையும் இணைச்சேனா? இல்லவே இல்ல! இணைச்சது ஸ்கோப்தான். ரெண்டு பேர் ஒரே தரையில நின்னாத்தானே யார் உசரம்னு சொல்ல முடியும்? ஒருத்தரைக் கீழயும் ஒருத்தரை மாடியிலயும் நிக்க வெச்சுட்டு உசரம் பாருன்னா, பாவம் அந்த மோடம் என்ன பண்ணும்?

"என் தப்புடி!"ன்னு கத்தினேன். "வயர்தான்! என் வயர்தான்!" சண்டையில தோத்ததுக்கு இப்படிக் கூத்தாடினவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ஐஸ்கட்டி ஒரு அடி பின்னால போனார்.

ஒரு துண்டு கறுப்பு வயர். ஒரு முனை போர்டோட கிரவுண்டுல, இன்னொரு முனை மோடத்தோட கிரவுண்டுல. ஸ்கோப்பைக் கழட்டித் தூரமா வெச்சேன். வெப்பம் அளக்குற சென்சாரை அவர் கையில கொடுத்து, "இறுக்கிப் புடிங்க சார்"னேன். புடிச்சார். அவர் சட்டைப்பையில போன் கத்துச்சு. முதல் மோடத்தோட சிம்மை உருவிட்டு மறுபடி புடிக்கச் சொன்னேன். ரெண்டாவது மோடத்துலேர்ந்து மெசேஜ் வந்து மறுபடி கத்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் நசுக்கிக்கிட்டு நின்னோம்.

"எல்லா ரூமுக்கும் போட்டுடுங்க"ன்னார். அப்பவும் சிரிக்கல. சிரிக்காட்டிப் போகட்டும்!

அவர் படி இறங்கினதும் நாத்தனார் போனை எடுத்து ஜன்னல்கிட்ட போனா. பழைய ஆபீஸ்தான். நான் வயர் சுத்தற சாக்குல காதைத் தீட்டிக்கிட்டேன்.

"இல்லீங்க, நான் வரல," அப்படின்னா. அந்தப் பக்கம் ஏன்னு கேட்டிருப்பாங்க போல. என்னை ஓரக்கண்ணால பார்த்தா. "எங்க அண்ணியைத் தனியா விட முடியாதுங்க. கிரவுண்டு வயர் போடக்கூடத் தெரியாது அவங்களுக்கு."

வேற நேரமா இருந்தா செருப்பு பறந்திருக்கும். நான் மேஜை மேலயே தலையைக் கவுத்துக்கிட்டு ஓன்னு அழுதேன்.