மூன்று முறை செத்த ஃபூரி

என் அக்கா யூனிஸ் மூன்று நாவல்களில் ஒரே மனிதனை மூன்று விதமாகக் கொன்றாள். முதல் நாவலில் அவன் கிணற்றில் விழுந்தான். இரண்டாவதில் வீட்டோடு எரிந்தான். மூன்றாவதில் சட்டென்று சாகவிடாமல் பக்கம் பக்கமாக இழுத்தடித்தாள். லண்டன் விமர்சகர்கள் அதை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். அந்த ஆள் கேப் டவுனில் எங்கள் வீட்டிலேயே உயிரோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவன் பெயர் ஹென்னி ஃபூரி. வெள்ளைக்காரன், தபால் இலாகாவில் வேலை. நாங்கள் குடியிருந்த ஹார்ஃபீல்டு பகுதி இனி வெள்ளையர்களுக்கு மட்டும் என்று 1969-ல் அரசாங்கம் சொன்னபோது, கலப்பினத்தார் என்று முத்திரை குத்தப்பட்ட எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் காலி செய்ய வேண்டியதாயிற்று. அப்பா ஜெரமையா அடோனிஸ் கொத்தனார். எங்கள் வீட்டுச் சமையலறையைத் தன் கையாலேயே கட்டியவர். ஃபூரி அந்த வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கினான். எங்களை ஊருக்கு வெளியே மணல்மேட்டில் கொண்டுபோய்த் தள்ளினார்கள்.

அடுத்த கோடையில், ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அப்பா பஸ் ஏறிப் பழைய தெருவுக்குப் போனார். மதிலுக்கு வெளியே தொங்கிய கிளையிலிருந்து இரண்டு அத்திப்பழம் பறித்தார். அவர் நட்ட மரம்தான். ஃபூரி போலீசைக் கூப்பிட்டான். ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை. திரும்பி வந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். ஈஸ்டருக்கு முன்பே போய்விட்டார்.

அக்கா அப்போது பள்ளிக்கூட டீச்சர். சவப்பெட்டி பக்கத்தில் எல்லோரும் அழுதார்கள், அவள் அழவில்லை. அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தாள். முதல் நாவல் வந்ததும் தடை செய்தார்கள். வேலை போயிற்று. எங்கள் வாசலில் ரகசியப் போலீசின் கார் பழியாய்க் கிடந்தது. கடைசியில், திரும்பி வரவே கூடாது என்ற நிபந்தனையோடு அவளை நாட்டைவிட்டுப் போக விட்டார்கள். அம்மாவின் அடக்கத்துக்குக்கூட அவளால் வர முடியவில்லை.

நிறவெறிச் சட்டங்களெல்லாம் ஒழிந்த பிறகு, தலை முழுக்க நரைத்துப்போய்த் திரும்பி வந்தாள். வந்ததும் முதலில் விசாரித்தது அந்த வீட்டைத்தான். மனைவியை இழந்த ஃபூரி அதை விற்கப் போகிறான் என்று தெரிந்தது. ஒரு வக்கீலை வைத்து வாங்கிவிட்டாள். யார் வாங்கினார்கள் என்று ஃபூரிக்குத் தெரியாது. பிரிட்டோரியாவில் இருக்கும் மகள் அவனை அழைத்துப்போகாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்ததால், இன்னும் ஒரு மாதம் இருக்க விடும்படி வக்கீலிடம் கேட்டிருந்தான்.

“பதிலை நானே நேர்ல போய்ச் சொல்றேன்” என்றாள் அக்கா. நானும் கூடப் போனேன்.

கதவைத் திறந்த கிழவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். “வேலைக்கு ஆள் வேணாம்மா. நானே காலி பண்ணப் போறேன்.”

“தெரியும். வீட்டை வாங்கினதே நான்தான்.”

அவன் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், வேறு யாராவது வந்து இல்லை என்று சொல்வார்களோ என்பதுபோல.

“ஜெரமையா அடோனிஸோட பொண்ணு நான். அத்திப்பழம் பறிச்சாரே, அந்தக் கொத்தனார். ஞாபகம் இருக்கா?”

“அதெல்லாம் எந்தக் காலத்துக் கதைங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

“சரி. ஒரு மாசம் இருந்துக்குங்க, வாடகை வேணாம். ஆனா தினமும் சாயங்காலம் நான் வருவேன். என் நாவல்களைப் படிச்சுக் காட்டுவேன். நீங்க உக்காந்து கேக்கணும். பாதியில எந்திரிச்சீங்கன்னா அன்னிக்கே நடையைக் கட்டணும்.”

திரும்பி வரும்போது, “அவனுக்குத் தள்ளாத வயசு அக்கா, விட்டுடேன்” என்றேன்.

“அப்பாவுக்குத் தள்ளாத வயசு வரவே இல்லடா, பெர்சி.”

அப்பா கட்டிய சமையலறையிலேயே வாசிப்பு நடந்தது. நான் கதவோரம் உட்கார்ந்திருப்பேன். முதல் நாவலுக்கு ஃபூரி சிரித்தான். “கிணறா? இந்தத் தெருவுல ஏதுங்க கிணறு!” தீப்பிடிக்கும் இடத்தில் சிரிப்பு நின்றது. அக்கா குரலை உயர்த்தவே இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

மூன்றாவது நாவலில் பழம் பறிக்கும் இடம் வந்தது. வீட்டுக்காரன் பழம் பறித்தவர்மேல் நாயை ஏவி விடுகிறான். ஃபூரி மேசையை அறைந்தான்.

“பொய்! எங்கிட்ட நாயே கிடையாது! அவர் தொப்பியைக் கழட்டி எனக்குக் காலை வணக்கம் சொன்னார். நான் உள்ள போய் ஃபோன் பண்ணினேன், அவ்வளவுதான்...”

அக்கா புத்தகத்தை மூடினாள்.

“தொப்பியைக் கழட்டினாரா?” என்று கேட்டாள். “அது எனக்குத் தெரியாது.”

“பயந்துட்டேங்க. வீட்டைத் திருப்பிக் கேக்க வந்துட்டாரோன்னு பயந்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

“அதை அவர்கிட்டதான் கேக்கணும், அவர் இல்ல. நாளைக்குக் காலையில வெளியில போயிடுங்க.”

“மாசம் முடியலையே! நான் எந்திரிக்கக்கூட இல்லையே! நீங்க சொன்னபடிதானே கேட்டேன்?”

“எங்கப்பாவும் யார் சொன்னதையும் மீறல.”

மறுநாள் அவன் நடைபாதையில் பெட்டிமேல் உட்கார்ந்து, மகள் ஏற்பாடு செய்த காருக்காகக் காத்திருந்தான். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. அக்கா ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கார் வந்து போகும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். நான் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் தடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான்காவது நாவலில் அவனை அவள் கொல்லவில்லை. ஒரு சின்ன அறையில், யாரும் எட்டிப் பார்க்காமல், நீண்ட காலம் வாழவிட்டாள். “கொன்னா சீக்கிரம் முடிஞ்சிடுதுடா” என்றாள். ‘அக்கா, போதும்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

என்னையும் அந்த வீட்டுக்கே குடிவரச் சொன்னாள். என் மனைவி மக்கள், சர்ச், சிநேகிதர்கள் எல்லாம் மணல்மேட்டில்தான் என்று மறுத்துவிட்டேன். அதில் அவளுக்கு என்மேல் தீராத கோபம். அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்கள் கேக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வாள். யாரையும் உள்ளே கூப்பிடுவதில்லை.