பழப்புளி போட்டு மினுக்கிய ரிவோல்வர்

வினுஷாவுக்கு வயது இருபத்தேழு. அவளுடைய கோபத்துக்கு அதைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அவர்களுடைய பரம்பரையில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் அவள்தான். படித்தது உலோகப் பொறியியல். படித்து முடித்து, வேலை எடுத்து, முதல் இரண்டு வருசம் ஒரு விடுமுறைக்கும் போகாமல் மிச்சம் பிடித்து அவள் வாங்கினது காரும் இல்லை, நகையும் இல்லை. நூற்றெழுபது வருசப் பழசான ஒரு ரிவோல்வர்.

பிரித்தானியப் படை அதிகாரி ஒருவன் இடுப்பில் கட்டித் திரிந்தது அது. ஐந்து குண்டு போடலாம். போடலாமே தவிர, அதற்கான குண்டை இன்றைக்கு எந்தக் கடையிலும் வாங்க ஏலாது. அதோடு குட்டியாய் இரண்டு கைத்துவக்குகளும் அவளிடம் இருந்தன. கோயிலில் அன்ரிமார் கூடி நின்று, பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்தக் கோதாரி என்று கேட்டார்கள். தான் சின்ன வயதில் கண்ட துவக்கெல்லாம் தன்னைப் பார்த்து நீட்டினவை என்றும், இதாவது அலுமாரிக்குள் பேசாமல் கிடக்குது என்றும் அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அன்ரிமார் வடை பற்றிக் கதைத்தார்கள்.

ஆனால் நினைத்தவர் நினைத்தபடி துவக்கு வைத்திருக்கிற ஊர் இல்லை மெல்பேண். பழைய ஆயுதம் சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருக்கவேண்டும். முதல் வருசம் வெள்ளோட்டம். வருச முடிவில் சங்கத்து ஆள் வீட்டுக்கு வந்து, இரும்புப்பெட்டியைப் பார்த்து, சொந்தக்காரரைத் தவிர வேறு ஒருவராலும் அதைத் திறக்கமுடியாது என்று படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். வைத்தால் ரிவோல்வர் அவளுடையது. வைக்காவிட்டால் லைசென்ஸும் போய், ரிவோல்வரும் பொலிஸுக்குப் போய்விடும். அந்த ஆள் வரும் நாள், நவராத்திரியின் கடைசி நாளான சரஸ்வதி பூசை வரும் சனிக்கிழமையில் வந்து விழுந்தது.

காலமை எட்டு மணிக்கே அம்மா இரஞ்சிதம் அவளை வெற்றிலை வாங்கக் கலைத்தாள். மெல்பேணின் மேற்கு ஓரத்து டார்னெய்ட்டில் பூசை நாளில் வெற்றிலை தேடுவது லேசில்லை. மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு குஜராத்திக் கடையில் வாடின கட்டு ஒன்றைப் பறித்துக்கொண்டு வினுஷா வீட்டுக்கு வந்தபோது பத்து மணிக்குப் பத்து நிமிசம் இருந்தது.

சாமியறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அப்பாவின் ஸ்பானர்கள் வரிசையாய்க் கிடந்தன. அவர் தன் வாகனத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு கராஜுக்கு வேலைக்குப் போய்விட்டார். ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் வினுஷாவின் மடிக்கணினி. அதற்கு மேலே அவளுடைய பட்டச் சான்றிதழ். சான்றிதழுக்கு மேலே, குத்துவிளக்கோடு போட்டி போட்டுக்கொண்டு, அவளுடைய ரிவோல்வர் மினுங்கியது. சுழலும் உருளையில் சந்தனம். விசையில் குங்குமம். குழலின் வாயில் ஒரு செவ்வந்திப் பூ.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். பழைய துவக்குச் சேர்ப்பவர்களுக்கு உயிர் எது என்றால், இரும்பின் மேல் காலம் பூசிவிட்ட மண்ணிறத் தோல். பட்டினா என்பார்கள். நூற்றெழுபது வருசத்துக் கைவேர்வையும் எண்ணெயும் காற்றும் சேர்ந்து செய்தது. அதை உரித்துவிட்டால் மிச்சம் வெறும் இரும்பு. உரிப்பதற்கு உலகத்தில் நல்ல சாமான் அமிலம். குசினியில் உள்ள நல்ல அமிலம் பழப்புளி. உலோகப் பொறியியலில் முதல் வகுப்பு எடுத்தவளுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

சிங்கில் புளிக்கரைசல் கறுத்துப் போய் நின்றது. பக்கத்தில் சாம்பலும் கம்பித் தும்பும் கிடந்தன. மரப்பிடிக்கு அம்மா நல்லெண்ணெய் பூசியிருந்தாள்.

"ஒரு மணித்தியாலமா நிண்டு மினுக்கினனான்," என்றாள் இரஞ்சிதம், பெருமையாக. "அவ்வளவும் ஊத்தை. நீ இவ்வளவு காலமும் அதைக் கழுவவே இல்லையோடி?"

வினுஷா கேட்டது ஒன்றே ஒன்று: இரும்புப்பெட்டி எப்படித் திறந்தது? கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. அப்பா படகில் வந்து இறங்கினபோது முகாமில் அவருக்கு ஒரு இலக்கம் கொடுத்தார்கள். இரண்டு வருசம் அவரைப் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை, அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பிறகு அந்த வீட்டில் வங்கி அட்டை, இணையம், கராஜ் கதவு, எல்லாவற்றுக்கும் அதுதான். பட்டம் பெற்ற மகளும் யோசிக்காமல் இரும்புப்பெட்டிக்கு அதையே போட்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் அதை ஒரு இரகசியம் என்று நினைத்த ஒரே ஆள் அவள்தான்.

அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் பீட்டர். ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, முப்பது வருசமாய் மெல்பேணில் இருக்கும் மலேசியத் தமிழர். அவளை விட்டால் சங்கத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள், சங்கத்திலேயே கண்டிப்பான ஆளும் அவர்தான். துவக்கைத் தொடவென்று வெள்ளைக் கையுறை கொண்டு திரிபவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு நீளப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தார். பெட்டிக்குள் இருந்தது குதிரைப்படைக்காரர் சேணத்தில் செருகிவைத்த நீளக் கைத்துவக்கு. ஒரு மணிக்கு மெல்பேணின் மறுகோடியில், த பேசின் என்ற ஊரில் சங்கத்தின் கண்காட்சி, திறந்து வைப்பவர் அவர், நடுமேசைக்கு வரவேண்டியது அந்தத் துவக்கு. காரில் விட்டுவிட்டு வரச் சட்டம் இடங்கொடாது. ஆகவே அதை வினுஷாவின் இரும்புப்பெட்டியிலேயே வைத்துப் பூட்டச் சொன்னார்.

"அப்படியே உன் பெட்டியையும் பாத்துடலாம்லா," என்றார்.

வினுஷா உடம்பால் மறைத்துக்கொண்டு இலக்கத்தை அமுக்கினாள். திறந்தாள். அவருடையதை வைத்தாள். பூட்டினாள். பீட்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். சுவரோடு பொருத்தின ஆணிகளைக் குனிந்து பார்த்தார். திருப்தி. பிறகு, உள்ளே இரண்டுதான் கிடந்ததே, தான் ஒரு வருசமாய்ப் பார்க்க ஆசைப்பட்ட அந்த ரிவோல்வர் எங்கே என்று கேட்டார்.

சாமியறையில் என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

பீட்டர் சாமியறை வாசலில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். கையுறை போட்ட இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரிக் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"யாரு செஞ்சா?"

வினுஷா பொய் சொல்லாதவள். அதில் அவளுக்கு ஒரு திமிரே உண்டு. மேலதிகாரிக்கு முகத்துக்கு நேரே உண்மை சொல்லி ஒரு பதவி உயர்வைத் தொலைத்தவள். ஆனால் அம்மா என்று சொன்னால் அடுத்த கேள்வி, பெட்டியை யார் திறந்தது என்பது. நான்தான் என்று சொன்னால் லைசென்ஸ் தப்பும், மானம் போகும். துவக்குச் சேர்க்கிறேன் என்று வந்து, அதைப் புளி போட்டுக் கழுவிய பெட்டை என்று அவள் உயிரோடு இருக்கிறவரை சங்கத்தில் கதை ஓடும். அங்கே ஏற்கெனவே, உங்கள் ஊரில் துவக்கெல்லாம் சாதாரணம்தானே என்று கேட்டு இளிக்கிற கிழடுகள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு இது அல்வா.

"நான்தான் அங்கிள்," என்றாள். "பூசைக்கெண்டு... கொஞ்சம் மினுக்கினனான்."

குசினிக்குள் கடலை தாளித்துக்கொண்டிருந்த இரஞ்சிதத்துக்கு அது கேட்டது. அகப்பையோடு வந்தாள்.

"இவளோ? இவள் குடிச்ச கோப்பையையே கழுவி வைக்கமாட்டாள், தம்பி. அது நான் மினுக்கினது. என்ரை கையைப் பாருங்கோ."

கையை நீட்டினாள். விரல்கள் கறுத்துப் போயிருந்தன. நிரூபணம் பூரணம்.

பீட்டர் மெதுவாகத் திரும்பினார். அப்போ பெட்டியைத் திறந்தது யார் அக்கா என்று, மிகவும் மரியாதையாக, சுத்தத் தமிழில் கேட்டார். படிவத்தில் எட்டாவது கேள்வி அதுதான் என்றும், பதில் பிழையென்றால் அந்த ரிவோல்வர் திங்கட்கிழமை பொலிஸுக்குப் போகும் என்றும் சொன்னார்.

இரஞ்சிதம் மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரே பார்வை. அந்தப் பார்வைக்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருபது வருசம் செக் பொயின்ற்களைத் தாண்டிப் பழகின மனுசி அவள். பைக்குள் என்ன, கூட வாறது ஆர், புருசன் எங்கே என்று கேட்ட ஆமிக்காரர் எத்தனையோ பேருக்கு ஒன்றும் விளங்காத மாடு மாதிரி நின்று காட்டி, சாமான் சக்கட்டோடு வீடு வந்து சேர்ந்தவள். அந்தப் பழைய முகம் எங்கேயோ உள்ளே மடித்துத்தான் வைத்திருந்திருக்கிறாள். எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண் சின்னதாகியது. வாய் கொஞ்சம் திறந்தது. தோள் இறங்கியது. அரை நிமிசத்தில் அம்மாவுக்குப் பத்து வயது கூடிவிட்டதை வினுஷா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

"எனக்கு இங்கிலிஸ் தெரியாது, மாத்தயா," என்றாள் இரஞ்சிதம்.

தான் தமிழில்தான் கேட்டதாக பீட்டர் சொன்னார். அதற்கும் அவள் இங்கிலிஸ் தெரியாது என்றாள். பெட்டியைக் காட்டினார். இது என்ன, ஃபிரிஜ்ஜோ என்று கேட்டாள். மாத்தயா என்றால் என்ன என்று பீட்டர் வினுஷாவைப் பார்த்தார். சிங்களத்தில் ஐயா என்று அர்த்தம், பழக்கத்தில் வருகிறது என்று வினுஷா சொன்னாள். சிரிப்பு வந்துவிடப் பயந்து கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டாள்.

பீட்டரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. உங்களால் திறக்கமுடியாது என்றால் என் முன்னால் முயற்சி பண்ணிக் காட்டுங்கள் என்றார். இரஞ்சிதம் பெட்டிக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தாள். சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்தாள். ஒவ்வொரு எண்ணாய்த் தேடித் தேடி அமுக்கினாள். பெட்டி ஒருதரம் கத்தியது. திரும்பவும் அமுக்கினாள். திரும்பவும் கத்தியது. போதும் அக்கா என்று பீட்டர் சொல்லி முடிப்பதற்குள், அவ்வளவு நேரமும் ஆமை மாதிரி இருந்த விரல் மூன்றாம் தரம் டக்கு டக்கென்று அமுக்கி முடித்துவிட்டது. பெட்டி நீளமாய் அழுதது. சிவப்பு விளக்கு எரிந்தது.

மூன்று பிழைக்கு ஒரு மணித்தியாலம் பூட்டு. சொந்தக்காரிக்கும் திறக்காது. பீட்டரின் குதிரைப்படைத் துவக்கு உள்ளே. நேரம் பத்தே முக்கால். அங்கிருந்து த பேசினுக்கு ஒன்றேகால் மணித்தியால ஓட்டம்.

"ஐயோ," என்றார் பீட்டர்.

"பேசின் பிள்ளையாரிட்டைப் போற றோட்டுத்தானே, தம்பி? கெதியாப் போயிடலாம்," என்றாள் இரஞ்சிதம். மாத்தயா போய்த் தம்பி திரும்பி வந்துவிட்டது. "அதுக்குள்ளை இரண்டு வடை சாப்பிடுங்கோ."

பீட்டர் தொலைபேசியில் சங்கத்தாரிடம் கொஞ்சம் பிந்தும் என்றார், காரணம் சொல்லவில்லை. பிறகு குசினிக் கதிரையில் இருந்து இரண்டு வடை, ஒரு கிண்ணம் கடலை, அவல், திரும்பவும் ஒரு வடை என்று சாப்பிட்டார். கையுறையைக் கழற்ற மறந்து, அதிலும் எண்ணெய். அந்த ஒரு மணித்தியாலத்தில் இரஞ்சிதம் அவரை விசாரித்த விசாரணை, அவர் அவளை விசாரித்ததைவிடப் பத்து மடங்கு. பிள்ளைகள் எத்தனை, என்ன வேலை, மூத்தவனுக்கு ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை, முழங்காலுக்கு என்ன எண்ணெய் பூசுகிறார். எல்லாவற்றுக்கும் அவர் உண்மை சொன்னார்.

பூட்டுத் திறக்க ஐந்து நிமிசம் இருக்கையில் படிவத்தை எடுத்தார். எட்டாவது கேள்விக்கு நேரே, என் முன்னிலையில் தாயார் மூன்று தடவை முயன்றார், திறக்கவில்லை என்று எழுதினார். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. துவக்கின் நிலை என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, மிகச் சுத்தம் என்று எழுதினார். கையெழுத்து வைத்தார்.

ஐந்து நிமிசத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது.

வினுஷா பெட்டியைத் திறந்து அவருடைய துவக்கை எடுத்துக்கொடுத்தாள். இரஞ்சிதம் வடைப் பொதி கொடுத்தாள். கார் வரைக்கும் வினுஷா கூடப் போனாள். பீட்டர் பெட்டியை இருக்கையில் வைத்து, அதற்கும் சீற் பெல்ட் மாட்டிவிட்டு, குரலைத் தணித்தார்.

"தெரியாதவங்க ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் அமுக்குவாங்க. உங்கம்மா மூணு தடவையும் கடைசி நம்பர் ஒண்ணைத்தான் மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் ஒரே மாதிரி. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அப்படியென்றால் ஏன் கையெழுத்து வைத்தீர்கள் என்று வினுஷா கேட்டாள். பொய் சொல்லாதவள் அல்லவா, கேள்வியையும் விழுங்கத் தெரியாது.

ஈப்போவில் தன் அம்மா, தாத்தாவின் போர்க்கால வாளை எடுத்துப் பலாப்பழம் வெட்டியவள் என்று பீட்டர் சொன்னார். சங்கத்தில் இதுவரை ஒருவருக்கும் அது தெரியாதாம். "இன்னிக்கே நம்பர மாத்து. இந்த நிமிசமே. ராத்திரி போன் பண்ணிக் கேப்பேன்." காரை எடுத்தார். பின்பக்கம் எடுத்தவர் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இன்னொன்றும் சொன்னார். "மாசக் கூட்டத்துக்கு அந்த ரிவோல்வர எடுத்துட்டு வா. எப்படியும் சிரிக்கப் போறாங்க. நீயே முதல்ல சொல்லிடு."

வினுஷா உள்ளே வந்தாள். ரிவோல்வரைச் சாமியறையிலிருந்து எடுத்தாள். செவ்வந்தியைப் பிடுங்கினாள். சந்தனத்தைத் துடைத்தாள். இரும்பு சில்வர்க் குடம் மாதிரி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. உடல் முழுக்கக் கோபம் வந்தது. ஆனால் கையில் இருந்தது அவளுடைய ரிவோல்வர். பொலிஸுடையது இல்லை.

அதை இரும்புப்பெட்டிக்குள் வைத்தாள். அறைக் கதவைச் சாத்தினாள். பெட்டியைப் புது இலக்கம் கேட்கும்படி வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, யாருக்கும் தெரியாத ஒரு இலக்கத்தை ஒவ்வொன்றாய் அமுக்கினாள். பீப், பீப், பீப்.

குசினிக்குள் இருந்து, பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு மேலால், அம்மாவின் குரல் வந்தது.

"என்ன பிள்ளை, உன்ரை கம்பஸ் இலக்கமோ?"

வினுஷாவின் விரல் கடைசி எண்ணுக்கு மேலே நின்றது. முதல் வருசம் அவளுக்குப் பல்கலைக்கழக அட்டை வந்த அன்று, அம்மா அந்த இலக்கத்தைப் பாடமாக்கி, கோயிலில் அன்ரிமார் எல்லாருக்கும் ஒப்புவித்தது ஞாபகம் வந்தது.

அழித்துவிட்டு, திரும்பவும் முதலில் இருந்து யோசிக்கத் தொடங்கினாள்.